தராசு முள் யார் பக்கம்?

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பற்றித் தலைவர் அவர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். ஆகவே நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கம் ஒரு காரியாலயத்தையோ, ஒரு ஆஸ்பத்திரியையோ, ஒரு பள்ளிக்கூடத்தையோ ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறோர் இடத்தில் வைக்கிறது. அதற்குப் பணம் செலவாகிறது. அந்தப் பணத்தைப் பற்றி ஜனங்கள் மனத்தில் சந்தேகம் எழுகிறது. அந்தச் சந்தேகம் நியாயமா, நியாயமானால் அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்பதே என் பேச்சு.

பெரட்டுக் களத்தில் இரண்டு பேச்சு

நம் வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்கைப் பட்டணத்து ஓரத்திற்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று இரண்டு மாதமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. உண்மையோ வதந்தியோ, இதுவரை யாரும் எழுத்தில் சொல்லவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் இதைப் பற்றி இரண்டு தோழர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

ஒருவர் சொன்னார்: "அது சர்க்கார் பணம், சர்க்கார் கட்டடம். எங்கே வைத்தால் நமக்கென்ன? பால் வெட்டுகிறவனுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு?"

மற்றவர் சொன்னார்: "எல்லாம் கமிஷன் வேலை. பாதியைத் தின்றுவிடுவார்கள். கேட்டு என்ன பிரயோஜனம்?"

இருவர் பேச்சும் எதிரெதிர் போலத் தோன்றும். யோசித்துப் பாருங்கள். இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். முதலாமவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. இரண்டாமவரும் கேட்கப் போவதில்லை. கேள்வி கேட்காத தொழிலாளியைக் கண்டு யாருக்கும் பயமில்லை, தோழர்களே!

முதலாமவருக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் பணம் என்று தனியாக ஒரு பணம் கிடையாது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பொருள் சேவை வரி வந்தது. நாம் வாங்கிய சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 100 வெள்ளிக்கு 6 வெள்ளி கொடுத்தோம். 2018இல் அந்த வரி போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. வருமான வரி கட்டுகிற அளவுக்கு நமக்குச் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வரியே கட்டாத மனிதன் இந்த நாட்டில் இல்லை. அதற்கும் முன்னே, நம் தாத்தா பாட்டி காலத்தில், ரப்பர் ஏற்றுமதியின் மீது விழுந்த வரி இந்த நாட்டின் ரோடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கிறது. ஆகவே நமக்கென்ன என்று சொல்லாதீர்கள். அது நம் பணம்.

இரண்டாமவருக்கு ஒரு வார்த்தை சொல்வது போதாது. அவருக்காகத்தான் இன்றைய பேச்சு முழுவதும்.

நம் காட்டில் எழுந்த நகரம்

இந்த நாட்டில் அரசாங்கம் தன் காரியாலயங்களைப் பெயர்த்து வைத்ததிலேயே பெரியது புத்ராஜெயா. அந்த ஊரை நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். ஏரி, பாலம், குவிமாடம், அகலமான வீதி. அது எந்த மண்ணின் மேல் நிற்கிறது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அது ரப்பர்க் காடு, தோழர்களே. சிலாங்கூரில் பெராங் பெசார் என்ற தோட்டம். முதல் உலகப் போர் முடிந்த பின், படையிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1920களின் தொடக்கத்தில் காடழித்துப் போட்ட தோட்டம் அது. பெராங் பெசார் என்றால் பெரும் போர். அதனால்தான் அந்தப் பெயர்.

பெயரைக் கேட்டதும் பழைய வெட்டுக்காரர்கள் தலையாட்டுகிறீர்கள். ஆம், பி.பி. 86, பி.பி. 260 என்று நாம் சொல்லுகிற ஒட்டுமரங்களின் 'பி.பி.' அந்தத் தோட்டத்தின் பெயர்தான். நல்ல பால் தரும் தாய்மரத்தைத் தேடிப் பிடித்து, அதன் மொட்டை எடுத்துக் கன்றில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் பாலை நிறுத்துப் பார்த்துத் தேர்ந்த மரங்கள் அவை. இந்த நாட்டில் மட்டுமல்ல, பிற நாடுகளிலும் அந்த மரங்களை நட்டார்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு மரத்தின் பாலையும் நிறுத்து எழுதி வைத்ததுதான். மரத்துக்கு மரம் கணக்கு வைத்த மண் அது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மண்ணில் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய நிர்வாக நகர வேலை தொடங்கிற்று. கோலாலம்பூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். மொத்தப் பரப்பு 4,931 ஹெக்டேர். 1999இல் பிரதமரின் காரியாலயம் அங்கே குடிபோயிற்று. 2001 பிப்ரவரி முதல் தேதி அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. அமைச்சுகளில் மிகப் பல ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் கோலாலம்பூரிலேயே நின்றன.

மாற்றுவது குற்றமா?

நான் நியாயமாகப் பேச வேண்டும். காரியாலயத்தை மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1880இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மாறாதிருந்தால் இன்றைய கோலாலம்பூர் ஏது? 1990களில் அரசாங்கம் சொன்ன காரணங்களிலும் பொருள் இருந்தது. கோலாலம்பூரில் நெரிசல். இலாகாக்கள் நகரமெங்கும் சிதறிக் கிடந்தன. ஒரு காரியத்துக்கு நாலு இடம் அலைய வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஓரிடத்தில் கூட்டி வைத்தால் வேலை சுலபமாகும் என்றார்கள். யோசனை கெட்ட யோசனை அல்ல.

பின் சந்தேகம் எங்கிருந்து வந்தது? மூன்று வாசல் வழியாக வந்தது.

முதல் வாசல், பணத்தின் அளவு. அந்த நகரத்துக்கு 810 கோடி அமெரிக்க டாலர் ஆகும் என்று பரவலாக எழுதப்பட்டது. அடித்தளம் போட்ட இரண்டே வருஷத்தில், 1997இல், ஆசியப் பணநெருக்கடி வந்தது. வெள்ளியின் மதிப்பு விழுந்தது. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டி நிறுத்தினார்கள். ஆட்களுக்கு வேலை போயிற்று. பாக்குன் அணைக்கட்டு போன்ற பெருந்திட்டங்களை ஒத்திவைத்தார்கள். ஆனால் புத்ராஜெயாவில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. "வீட்டில் அரிசி இல்லாதபோது வாசலுக்கு வர்ணம் எதற்கு?" என்று ஜனங்கள் கேட்டார்கள். அதைக் கேட்பது பொறாமை அல்ல.

இரண்டாவது வாசல், பணம் போன வழி. இதைக் கவனமாகக் கேளுங்கள். அமைச்சுகள் இருக்கும் கட்டடங்களை அரசாங்கம் தன் கையிலிருந்து ரொக்கம் கொடுத்துக் கட்டவில்லை. புத்ராஜெயா ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனி 1995இல் அமைந்தது. பெட்ரோனாஸ், கசானா, தேசிய அறநிதி ஆகியவற்றின் பங்கு அதில் இருந்தது. கம்பெனி கட்டும், அரசாங்கம் நீண்ட காலத்துக்கு வாடகை கட்டிவரும், தவணை முடிந்தால் கட்டடம் அரசாங்கத்துக்கு. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், இது கடைக் கணக்கு. சாமான் இன்றைக்கு வருகிறது. கையில் காசு குறையவில்லை. ஆனால் மாதா மாதம் கணக்குப் புத்தகத்தில் கழிகிறது.

கடைக் கணக்கு வைத்தவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. மொத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் வராது. கட்டுகிற செலவு ஒரு புத்தகத்தில், வாடகை வேறொரு புத்தகத்தில். பெட்ரோனாஸ் கம்பெனியோ 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி பிரதமரின் அதிகாரத்தின் கீழ் வருவது. ஓர் அமைச்சின் செலவை நாடாளுமன்றத்தில் வரி வரியாக விவாதிப்பதுபோல் அதன் செலவை விவாதிப்பதில்லை. இதோடு 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் ஒன்று உண்டு. அரசாங்கத் தஸ்தாவேஜு ஒன்றில் 'இரகசியம்' என்று முத்திரை விழுந்துவிட்டால், அதை வெளியே சொன்னவருக்குச் சிறை. 1986இல் அதைத் திருத்தி, குறைந்தது ஓராண்டுச் சிறை என்று கட்டாயமாக்கினார்கள். கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். கதவு மூடிய அறைக்குள் இருந்த கணக்கு சரி என்று வெளியே நிற்பவன் எப்படி நம்புவான்?

மூன்றாவது வாசல், கண்ணுக்குத் தெரிகிற பிசகு. புத்ராஜெயாவுக்குள் ஓட ஒற்றைத் தண்டவாள ரயில் போடத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்த வேலை பாதியில் நின்றது. ரயிலுக்காக ஏரிமேல் கட்டிய தொங்குபாலம் மட்டும் நின்றது. அதன்மேல் ஒரு ரயிலும் ஓடவில்லை. கோலாலம்பூரிலிருந்து புத்ராஜெயாவுக்குள் எம்.ஆர்.டி. ரயில் முழு வழியும் ஓடியது 2023 மார்ச் மாதத்தில்தான். நூறு காரியம் ஒழுங்காக நடந்திருக்கலாம். ஆனால் ரயில் ஓடாத பாலம் ஒன்று நின்றால் ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்து மற்ற தொண்ணூற்றொன்பதையும் சந்தேகிப்பார்கள்.

முதலில் பெயர்க்கப்பட்டவர்கள்

இவ்வளவும் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் பொதுவான கதை. இனிச் சொல்வது நம் கதை.

சென்ற ஆண்டு நம் கிளைப் பெரியம்மா ஒருவரை, தஸ்தாவேஜு காரியமாகப் புத்ராஜெயாவிலுள்ள ஓர் இலாகாவுக்கு அழைத்துப்போனேன். விடியுமுன் புறப்பட்டோம். பஸ், ரயில், பிறகு வாடகைக் கார். இலாகாவுக்கு இலாகா தூரம். முழங்கால் வலிக்காரர் நடக்கிற ஊர் அல்ல அது. காரியம் முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். பெரியம்மா கேட்டார்: "தம்பி, எங்க தங்கச்சியைப் பெராங் பெசாருக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். லயம் எந்தப் பக்கம் இருந்திச்சு?"

என்னால் சொல்ல முடியவில்லை. லயமும் இல்லை, லயம் இருந்த இடத்தைச் சொல்லும் அடையாளமும் என் கண்ணில் படவில்லை.

தோழர்களே, அரசாங்கத்துக்காகப் பிரதமர் காரியாலயம் பெயர்வதற்கு முன்னால் பெயர்க்கப்பட்டவர்கள் யார்? பெராங் பெசார், செட்ஜ்லி, கெலவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பங்கள் அவற்றில் உண்டு. அவர்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றினார்கள்.

தோட்டத்து வீடு வேலையோடு கட்டிய வீடு என்பது உங்களுக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வீடு தொழிலாளிக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் குறைந்தபட்ச ஈடு. 30 வருஷம் பால் வெட்டினவருக்கு 600 நாள் சம்பளம். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆயுள் முழுவதையும் அடக்கிவிட்டார்கள். கோயில், கறிவேப்பிலை மரம், ஆட்டுக் கொட்டகை, லயத்து முற்றம், பக்கத்து வீட்டு மனிதர் எவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

குடியேறிய சில காலத்திலேயே அந்த அடுக்குமாடியில் விரிசல் கண்டது, நீர் கசிந்தது. நிலத்தோடு கூடிய தரைவீடு தருவதாகச் சொல்லித்தான் தங்களை அழைத்துவந்தார்கள் என்று அந்த மக்கள் சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அதையே கேட்டார்கள். அமைச்சர்கள் மாறினார்கள். அரசாங்கமே மாறிற்று. வந்து பார்த்தவர்கள் பலர். வாக்குறுதி கொடுத்தவர்கள் பலர். கையில் மனுவோடு நின்றவர்களில் சிலர் வீட்டைப் பார்க்காமலே கண்மூடிவிட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். ஒரு பக்கம், அரசாங்கத்தின் காரியாலயங்களுக்கு அவ்வளவு பெரிய நகரம். மறுபக்கம், அந்த நகரத்துக்காக மண்ணை விட்டுக் கொடுத்த சில நூறு குடும்பங்களின் வீட்டுக் கேள்வி இருபது வருஷம் தீராமல் நின்றது. அவ்வளவு பெரிய செலவில் இந்தச் சின்னச் செலவுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று? ஜனங்களின் அவநம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? பணம் அதிகம் செலவானது என்பதைவிட, யாருக்கு முதலில் செலவானது, யாரை அவ்வளவு காலம் காக்க வைத்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

என் சொந்தக் கணக்கு

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது என்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் நம் சங்க அறையைப் பழைய லயத்திலிருந்து ரோட்டோரத்துக்கு மாற்றினோம். உங்கள் சந்தாவும் வசூலும் சேர்ந்து 3,840 வெள்ளி செலவாயிற்று. செயலாளர் நான், புத்தகம் என் கையில். ஒவ்வொரு பில்லையும் பத்திரமாகக் கோத்து என் மேசைக்குள் வைத்தேன். வைத்தேனே தவிர, யாருக்கும் காட்டவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் மொத்தத்தைப் படித்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டாவது மாதமே பேச்சு கிளம்பிற்று. கிராணி தன் வீட்டுச் சமையலறைக்கும் அதே தகரத்தைத்தான் போட்டுக்கொண்டார் என்றார்கள். எனக்கு வந்த கோபம் உங்களுக்குத் தெரியும். "இவர்களுக்காக இரவெல்லாம் எழுதுகிறேன், எனக்கு இந்தப் பெயரா?" என்று பொறுப்பை உதறிவிட நினைத்தேன். ராஜினாமாக் கடிதம்கூட எழுதிவிட்டேன்.

அன்று பால் ஸ்டோரில் இந்தப் பெரியம்மாதான் என்னை நிறுத்தினார். "தம்பி, நீ திருடினேன்னு நான் சொல்லலே. பால் நிறுக்கையிலே தராசு முள்ளை எங்க பக்கம் திருப்பி வைக்கணும்னு சங்கத்திலே சண்டை போட்டது நீதானே? மெட்ரோலாக்கை எங்க கண்ணு முன்னால பார்த்துச் சத்தமாப் படிக்கணும்னு சொன்னதும் நீதானே? இப்ப உன் தராசு எந்தப் பக்கம் பார்க்குது?"

எனக்கு வாயடைத்துப்போயிற்று.

மெட்ரோலாக் விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று அந்தக் கருவி காட்டுகிறது. அந்த அளவைப் பார்த்துத்தான் கணக்கு. கிராணி அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து எழுதினால், சரியாக எழுதினாலும் வெட்டுக்காரர் மனத்தில் முறுமுறுப்பு. உரக்கப் படித்துவிட்டால், குறைவாக வந்தாலும் "மழை ஈரம், அதனால்தான்" என்று தாமே சொல்லிக்கொண்டு போகிறார்கள். அளவு ஒன்றுதான். பார்க்கிற இடம் வேறு.

அன்றிரவே எல்லாப் பில்லையும் ஒரு தாளில் எழுதிப் பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் என்ன நடந்தது? நம் வெட்டுக்காரர் ஒருவரின் மகன், இடைநிலைப்பள்ளி மாணவன், அந்தத் தாளைப் படித்துவிட்டுச் சங்க அறைக் கூரையை எண்ணிப் பார்த்திருக்கிறான். "அண்ணே, பில்லில் 24 தகரம், கூரையில் 20தான் இருக்கு" என்று வந்து நின்றான். நானும் எண்ணினேன். 20தான். குத்தகைக்காரரிடம் போய்க் கேட்டோம். நாலு தகரத்தின் பணம் திரும்பி வந்தது.

பாருங்கள் தோழர்களே! ஜனங்கள் என்மேல் சொன்ன பழி பொய். ஆனால் ஏதோ பிசகு இருக்கிறது என்று அவர்கள் மனம் சொன்னது மெய். என் புத்தகம் மேசைக்குள்ளேயே இருந்திருந்தால் நான் ஆயுள் முழுதும் திருடன். அந்த நாலு தகரமும் போனது போனதுதான். புத்தகத்தைத் திறந்ததால் பணமும் வந்தது. என் பெயரும் மீண்டது. திறந்த கணக்கு யாரைக் காப்பாற்றுகிறது? முதலில் யோக்கியனான கிராணியைத்தான் காப்பாற்றுகிறது. இது கிராணிமார்களுக்கு நான் தனியாகச் சொல்லுகிற வார்த்தை.

சோம்பேறிச் சந்தேகம், உழைக்கும் சந்தேகம்

ஆகவே இரண்டாவது தோழருக்கு, எல்லாரும் தின்றுவிடுவார்கள் என்று சொன்னவருக்கு, என் பதில் இது. சந்தேகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திண்ணையில் உட்கார்ந்து எல்லோரும் திருடர் என்று சொல்லுகிற சந்தேகம். அது சோம்பேறிச் சந்தேகம். உண்மையான திருடனுக்கு அதைவிடப் பிரியமான நண்பன் இல்லை. எல்லோரும் திருடர் என்றால் அவன் மட்டும் ஏன் அகப்பட வேண்டும்? மற்றொன்று, அந்தப் பையனைப் போல ஏறிப் போய்த் தகரத்தை எண்ணுகிற சந்தேகம். அது உழைக்கும் சந்தேகம். சங்கத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

எண்ணுவதற்கு நமக்கு வழி இல்லையா? இருக்கிறது. இந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் தலைமைக் கணக்காய்வாளர் என்ற பதவி இருக்கிறது. அவருடைய அறிக்கையை மாமன்னர் மூலம் மக்களவையில் வைக்க வேண்டும் என்று 107ஆம் பிரிவு சொல்கிறது. நாடாளுமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. நம் ஓட்டை வாங்கிப் போன நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார். சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் தகவல் பெறும் சட்டம் செய்திருக்கிறார்கள். இவையெல்லாம் பூரணமான கருவிகள் என்று நான் சொல்லவில்லை. உளி மழுங்கியிருந்தால் தீட்டிக்கொள்கிறோம். உளியே வேண்டாம் என்று தூக்கி எறிவதில்லை.

மூன்று கேள்வி

இனி நம் கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. பழைய கட்டடம் மழையில் ஒழுகுகிறது. மருந்து வைக்க இடம் போதவில்லை. மாற்றினால் நன்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஒன்று: மொத்தச் செலவு எவ்வளவு? கட்டடம் மட்டுமல்ல, நிலத்துக்கு எவ்வளவு, வாடகையென்றால் எத்தனை வருஷம், வருஷத்துக்கு எவ்வளவு? எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும்.

இரண்டு: மாற்றத்தால் கஷ்டப்படப் போகிறவர் யார், அவருக்கு முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்? கைப்பிள்ளைக்காரி ஊசி போட எப்படிப் போவாள்? சர்க்கரை வியாதிக்காரர் மாதா மாதம் மருந்துக்கு எந்த பஸ்ஸில் போவார்? பஸ் இல்லை என்றால் வாரம் ஒருமுறை டாக்டர் இங்கே வருவாரா? இந்த ஏற்பாடு கட்டடத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். கட்டடம் எழும்பிய பின் பார்க்கலாம் என்ற வார்த்தையின் விலை என்னவென்று தாமான் பெர்மாத்தா மக்களைக் கேளுங்கள்.

மூன்று: கணக்கை யார் சரிபார்ப்பார், அதை எந்தச் சுவரில் ஒட்டுவீர்கள்?

இந்த மூன்று கேள்வியும் அடங்கிய கடிதத்தை இன்றைய கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிச் சுகாதார இலாகாவுக்கும், நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பக் கோருகிறேன். கடிதத்தில் வசைமொழி வேண்டாம். யாரையும் திருடன் என்று எழுத வேண்டாம். தராசு முள்ளை எங்கள் பக்கம் திருப்புங்கள் என்று கேட்டால் போதும். யோக்கியர் திருப்புவார். திருப்ப மறுத்தால், அதற்கப்புறம் நாம் என்ன செய்ய வேண்டும் என்று சங்கத்துக்குத் தெரியும்.

முதலில் நாம்

ஆனால் பிறரைக் கேட்குமுன் நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளையின் வரவு செலவை, பில் நம்பரோடு, பெரட்டுக் களத்துச் சுவரில் ஒட்டுவேன். மழையில் நனைந்தால் மறுபடி எழுதி ஒட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பையன் உரக்கப் படித்துக் காட்டுவான், ஒப்புக்கொண்டிருக்கிறான். ஒரு வெள்ளிக்குச் சந்தேகமானாலும் கேளுங்கள். நான் கோபித்துக்கொண்டால் பெரியம்மாவிடம் சொல்லுங்கள்.

தோழர்களே! தோட்டங்களில் இன்று ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நாளை நம் தோட்டமும் வேறொன்றுக்காகப் பெயர்க்கப்படலாம். ஒரு நகரம் வரலாம், ஒரு விமான நிலையம் வரலாம், ஒரு தொழிற்பேட்டை வரலாம். வளர்ச்சி வேண்டாம் என்று நாம் மறித்து நிற்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்குக் கேள்வி கேட்க இன்றைக்கே பழகிக்கொள்ள வேண்டும். ஒரு சின்னக் கிளினிக்கின் கணக்கைக் கேட்கத் தெரியாதவன், தன் வீட்டின் கணக்கைக் கேட்க வேண்டிய நாளில் ஊமையாய் நிற்பான்.

பெராங் பெசாரில் ஒவ்வொரு மரத்தின் பாலையும் நிறுத்து எழுதி வைத்தார்கள் என்று சொன்னேன். மரத்துக்கு அவ்வளவு கணக்கு வைத்த நாட்டில், அந்த மரத்தைச் சீவிய மனிதனுக்கும் ஒரு கணக்கு வைக்கச் சொல்வது பெரிய ஆசையா?

தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய வேண்டியது நீங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!